பட்ஜி குஞ்சு எடுக்க எந்த முறை? காலனியா, ஜோடிக்கு ஒரு கூண்டா, இரண்டும் கலந்ததா?

ஏவியரி, அதாவது பறவைகள் பறந்து திரியும் பெரிய வலைக்கூண்டு, கட்டியாயிற்று. ஏழெட்டு பட்ஜிகள் (ஆஸ்திரேலியச் சிறு கிளிகள்) உள்ளே பழகிவிட்டன. ஆண்கள் நாள் முழுக்கப் பாடுகின்றன, பெட்டைகள் குச்சியையெல்லாம் கொறித்துத் தள்ளுகின்றன. இந்தக் கட்டத்தில்தான் பலரும் தயங்கி நிற்கிறார்கள்: முட்டைப் பெட்டிகளை ஏவியரிக்குள்ளேயே மாட்டிவிடலாமா, ஜோடி ஜோடியாகப் பிரித்துத் தனிக் கூண்டில் போட வேண்டுமா?

யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு பதில் வரும். "காட்டில் கூட்டமாகத்தானே கூடு வைக்கிறது, அப்படியே விடுங்கள்" என்பார் ஒருவர். "ஒரு கூண்டுக்கு ஒரு ஜோடிதான்" என்பார் கண்காட்சிக்குப் பறவை வளர்ப்பவர். இருவர் சொல்வதும் அவரவர் அளவில் சரி. ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளிகளில் மழை பெய்து புல் விதை பிடித்ததும் பட்ஜிகள் பக்கத்துப் பக்கத்து மரப்பொந்துகளில் கூட்டமாகவே முட்டை இடுகின்றன. ஆனால் அங்கே ஒரு பொந்துக்காகச் சண்டையிட்டுத் தோற்ற பெட்டை அடுத்த மரத்துக்குப் பறந்துவிடும். 2 மீட்டர் வலைக்குள் தோற்ற பெட்டைக்குப் போக இடமில்லை. எல்லா ஜோடிகளையும் ஒரே ஏவியரியில் முட்டையிட விடும் காலனி முறையில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். இடம் எவ்வளவு என்று அளப்பது அதற்குப் பிறகுதான்.

குஞ்சின் அப்பா அம்மா யார் என்று தெரிய வேண்டுமா? நிறம் பார்த்து ஜோடி சேர்க்க விரும்பினாலும், பிறந்த குஞ்சுகளை அடுத்த வருடம் ஜோடி போட நினைத்தாலும் இது தெரிந்தே ஆக வேண்டும்.

தினமும் பெட்டிக்குள் எட்டிப்பார்க்க முடியுமா? ஒரு பெட்டிக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் குஞ்சு இருக்கும் நாட்களில் ஒருநாள்கூட விடக் கூடாது.

உயிர்ச்சேதத்தை எவ்வளவு தாங்குவீர்கள்? எந்த முறையிலும் குஞ்சு சாகும். ஆனால் சண்டையில் சாவது வேறு, பலவீனத்தில் சாவது வேறு. முதலாவது நாம் செய்த ஏற்பாட்டின் விளைவு.

பறக்கும் இடம். உடல் இறுகிய பெட்டைதான் சிக்கலில்லாமல் முட்டை போடும். பறக்காமல் கொழுத்த பெட்டைக்கு முட்டை உள்ளேயே அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம்.

குஞ்சுகள் எங்கே போகும்? இதை யாரும் முதலில் கேட்பதில்லை. 4 ஜோடி, ஆளுக்கு 2 ஈடு (ஒரு தடவை முட்டையிட்டுக் குஞ்சு எடுப்பது ஒரு ஈடு), ஈட்டுக்கு 4 குஞ்சு என்றால் 32 பறவைகள். அத்தனைக்கும் நல்ல வீடு இப்போதே கண்ணுக்குத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் கீழே நான்காவதாகச் சொல்லியிருக்கும் வழியை முதலில் படியுங்கள்.

## ஒரு ஈட்டின் நாள்கணக்கு

இந்தக் கணக்கு தெரியாமல் எந்த முறையையும் எடைபோட முடியாது. இணை சேரத் தொடங்கி ஏறக்குறைய 10 நாளில் முதல் முட்டை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்று. 4 முதல் 6 முட்டை சாதாரணம், 8 வரையும் போகும். அடை காப்பது பெட்டை மட்டும்தான். ஒவ்வொரு முட்டையும் 18 நாள் அளவில் பொரியும். முட்டை வந்த வரிசையிலேயே பொரிவதால், 5 முட்டை உள்ள ஈட்டில் கடைசிக் குஞ்சு ஓட்டை உடைத்து வரும்போது மூத்தது 8 நாள் வளர்ந்திருக்கும். 2 கிராம் எடையில் பிறந்த கடைக்குட்டி, தன்னைவிடப் பல மடங்கு கனமான அண்ணன்களுக்கு அடியில் படுத்துக்கிடக்கும்.

ஆண் வெளியே தின்று வந்து பெட்டைக்கு ஊட்டும், பெட்டை குஞ்சுக்கு ஊட்டும். 30 முதல் 35 நாளில் குஞ்சு பெட்டியை விட்டு வெளியே வரும். அதன் பிறகும் ஒரு வாரம், பத்து நாள் அப்பாதான் ஊட்டும். பெட்டி மாட்டிய நாளிலிருந்து கடைசிக் குஞ்சு தானாகத் தின்னும் நாள் வரை ஏறக்குறைய 80 நாள். கடைசிக் குஞ்சு தானாகத் தின்னும் முன்பே பெட்டை அடுத்த ஈட்டைத் தொடங்கிவிடும் என்பதால் இரண்டு ஈடும் சேர்ந்து 4 மாதத்தைத் தாண்டும். வருடத்துக்கு 2 ஈடு போதும். மூன்றாவது ஈட்டுக்கு விட்டால் பெட்டை கரைந்துபோகும்.

எந்த முறையானாலும் இரண்டுக்கும் வயது 10 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், ஒரு வருடம் என்றால் இன்னும் நல்லது. 3, 4 மாதத்திலேயே உடல் பருவமடைந்துவிடும். பெட்டி கண்ணில் பட்டால் அந்த வயதுப் பெட்டையும் உள்ளே நுழைந்து முட்டை போடப் பார்க்கும். அங்கேதான் முட்டை அடைப்பும் சாவும்.

## வழி 1: காலனி, எல்லாம் ஒரே ஏவியரியில்

பார்க்க அழகு இதுதான். நான்கு ஆண்கள் நான்கு பெட்டி வாசலில் தலையை ஆட்டிப் பாடும், அலகால் பெட்டியைத் தட்டும், பெட்டை தலையை நீட்டி இரை வாங்கிக்கொள்ளும். பறவைகள் தாமே துணையைத் தேடிக்கொள்வதால் சேராத ஜோடி என்ற தொல்லையும் குறைவு. ஒன்றின் குரல் இன்னொன்றைக் கிளப்பிவிடுவதால் எல்லாம் விரைவில் முட்டைக்கு வரும். ஆணின் பாட்டைக் கேட்பதே பெட்டையின் சூலகத்தில் முட்டை வளர்வதைத் தூண்டுகிறது என்று 1960களில் பார்பரா பிராக்வே செய்த ஆய்வுகள் காட்டின.

விதிகள் குறைவு. ஆனால் ஒன்றைக்கூடத் தளர்த்த முடியாது.

1. ஆண், பெட்டை எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். ஜோடியில்லாத ஒரு பெட்டை போதும், அது அடுத்தவள் பெட்டிக்குள் புகுந்து முட்டையை உடைக்கும், குஞ்சைக் கொல்லும்.
2. குறைந்தது 3 ஜோடி. 2 ஜோடி மட்டும் இருந்தால் பலமான ஜோடி மற்றதை ஓட ஓட விரட்டும். 3 ஆனதும் விரட்டல் ஒரே பறவை மேல் விழாது.
3. ஜோடி எண்ணிக்கையைப் போல ஒன்றரை முதல் 2 மடங்கு பெட்டி. 4 ஜோடிக்கு 6 முதல் 8.
4. எல்லாப் பெட்டியும் ஒரே அளவு, ஒரே உயரம், வாசலுக்கு வாசல் 30 செ.மீ. இடைவெளி. ஒரு பெட்டி மட்டும் சற்று மேலே இருந்தால் எல்லாப் பெட்டைக்கும் அதுதான் வேண்டும்.
5. எல்லாப் பறவையையும் ஒரே நாளில் உள்ளே விட்டு, 2 வாரம் பழகிய பிறகு, எல்லாப் பெட்டியையும் ஒரே நாளில் மாட்ட வேண்டும்.
6. பெட்டி மாட்டியபின் புதுப் பறவை எதுவும் உள்ளே போகக் கூடாது. போன வாரம் பார்த்த அழகான நீலப் பெட்டைக்கும் இதே விதிதான்.
7. இரைத் தட்டு 2 அல்லது 3 இடத்தில். ஒன்றே இருந்தால் பலமானது அதன் முன்னால் உட்கார்ந்துவிடும்.

சண்டை தொடங்குவதைக் கண்ணால் பிடிக்கலாம். பெட்டிக்குச் சொந்தக்காரி வாசல் ஓட்டையை உடம்பால் அடைத்துக்கொண்டு, கழுத்தைத் தாழ்த்தி, அலகைத் திறந்து நிற்கும். வந்தவள் பின்வாங்கினால் விஷயம் முடிந்தது. பின்வாங்காமல் இரண்டும் ஒன்றன் காலை ஒன்று கவ்விக்கொண்டு தரையில் விழுந்து உருண்டால், அவற்றில் ஒன்றை அன்றைக்கே ஏவியரியை விட்டு எடுத்துவிட வேண்டும், அதன் ஆணோடு சேர்த்து. அலகுக்கு மேலுள்ள மூக்குச் சதையில் ரத்தம், கால் விரலில் காயம், கண்ணுக்கு மேல் இறகு பறிபட்டிருப்பது, இவையெல்லாம் நீங்கள் பார்க்காத நேரத்தில் நடந்த சண்டையின் தடயம்.

இன்னொரு ஆபத்து குஞ்சு வெளியே வரும் நாளில். 32 நாள் குஞ்சுக்குத் தன் வீடு எது என்று சரியாகத் தெரியாது. களைத்துப்போய்ப் பக்கத்துப் பெட்டிக்குள் நுழையும், அங்கே அடை காக்கும் பெட்டை அதன் தலையைக் கொத்திவிடும். காலனியில் இறக்கை முளைத்த குஞ்சுகள் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏவியரியின் ஒரு மூலையில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், தாழ்வான குச்சிகளும் ஒதுங்க ஓர் அட்டை மறைப்பும் வைத்தால் குஞ்சுகள் அங்கே போய் உட்காரும். முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் குறைக்கும்.

தெரியாத செலவு. முதல் செலவு இரண்டாவது ஏவியரி. தானாகத் தின்னத் தொடங்கிய குஞ்சுகளை ஒன்றரை, இரண்டு மாதத்தில் பிரித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் 4 மாதத்தில் அந்தப் பெட்டைகளும் பெட்டி தேடும். இரண்டாவது, ரத்த உறவு. ஜோடியாக இருக்கும் ஆண் பக்கத்துப் பெட்டையோடும் சேரும், அதனால் ஒரு பெட்டியில் உள்ள குஞ்சுகளுக்கு ஒரே அப்பா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. காலில் மாட்டும் வளையத்தின் எண்ணும் நோட்டும் வைத்திருந்தாலும் அம்மா மட்டும்தான் நிச்சயம். பிறந்த குஞ்சுகளையே வருடா வருடம் அதே காலனியில் விட்டால் அண்ணன் தங்கை ஜோடி சேரும். கூமுட்டை கூடும், ஓட்டுக்குள்ளேயே சாகும் குஞ்சு கூடும். மூன்றாவது, நோய். ஒன்றுக்கு முகச்சொறிப் பூச்சி வந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம்.

எப்போது இது நல்லது? நிறம், வம்சம் எதுவும் முக்கியமில்லை. ஏவியரி குறைந்தது 2 மீட்டர் நீளம். ஆண், பெட்டை சரியாகத் தெரியும். காலையும் மாலையும் பத்து நிமிடம் நின்று பார்க்க ஆள் இருக்கிறார். இந்த நான்கும் சேர்ந்தால் காலனி நன்றாக நடக்கும். ஆண், பெட்டை எது என்று இன்னும் குழப்பம் என்றால் காலனி வேண்டாம். வளர்ந்த ஆணுக்கு மூக்குச் சதை நீலம், பெட்டைக்குப் பழுப்பு அல்லது வெளிர் நிறம். ஆனால் லூட்டினோ (மஞ்சள் உடல், சிவப்புக் கண்), அல்பினோ (வெள்ளை உடல், சிவப்புக் கண்), ரிசசிவ் பைடு (திட்டுத்திட்டான நிறம்) ஆண்களுக்கு அது வளர்ந்த பிறகும் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகவே இருக்கும். இந்த நிறங்களில்தான் எண்ணிக்கை தவறுகிறது.

## வழி 2: ஜோடிக்கு ஒரு கூண்டு

கூண்டு 60 × 40 × 40 செ.மீ. என்பது கீழெல்லை. நீளம் 75 அல்லது 90 ஆனால் ஜோடிக்கும் நல்லது, வெளியே வரும் குஞ்சுக்கும் நல்லது. கம்பி இடைவெளி 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். உட்காரும் குச்சி இரண்டு, ஒவ்வொன்றும் 12 முதல் 15 மி.மீ. தடிமன், துளிகூட அசையக் கூடாது. இணை சேரும்போது குச்சி உருண்டால் ஆண் சறுக்கிவிடும், முட்டை அத்தனையும் கூமுட்டை. ஈடு முழுக்கக் கூமுட்டையாகப் போனவர்கள் மருந்து தேடும் முன் குச்சியை ஆட்டிப் பார்க்க வேண்டும்.

பெட்டி 22 × 15 × 15 செ.மீ. அளவில், வாசல் ஓட்டை 4 முதல் 5 செ.மீ. கூண்டுக்கு வெளியே தொங்கி, பின்பக்கமோ மேல்பக்கமோ திறக்கும் கதவு இருந்தால் கூண்டுக்குள் கை விடாமலே பார்க்கலாம். அடிப்பலகை நடுவில் கிண்ணம்போலக் குழிந்திருக்க வேண்டும். குழி இல்லாத வழவழப்பான பலகையில் குஞ்சின் கால்கள் இருபக்கமும் சறுக்கி, தவளைக்கால்போல அகன்றே வளர்ந்துவிடும். மரச்சீவல் இரண்டு விரல்கடை போட்டால் ஈரமும் இழுக்கும். மண்பானையில் இயல்பாகவே குழி உண்டு, ஆனால் உள்ளே பார்ப்பதும் சுத்தம் செய்வதும் சிரமம். தினமும் பார்க்கத்தானே கூண்டு முறைக்கு வருகிறோம்? அதனால் பெட்டிதான் என் தேர்வு.

ஜோடியைக் கூண்டில் விட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் பெட்டி மாட்டுங்கள். ஆண் ஊட்ட, பெட்டை வாங்கிக்கொள்வது தெரிந்தால் சேர்ந்துவிட்டது. பெட்டை ஓயாமல் விரட்டினாலோ, ஆண் கூண்டின் தரையில் ஒதுங்கி நின்றாலோ அன்றைக்கே பிரியுங்கள். கூண்டில் தப்ப வழியில்லாததால் பெட்டை ஆணைக் கொன்றுவிடுவதும் உண்டு. பெட்டி மாட்டி 3 வாரம் ஆகியும் முட்டை இல்லை என்றால் ஜோடியை மாற்றலாம். வீட்டில் ஒரே ஒரு ஜோடி வைத்திருப்பவர்களுக்கு அது முட்டைக்கே வராமல் போவது வழக்கமான குறை. பிற பட்ஜிகளின் குரல் காதில் விழும் தூரத்தில் 2, 3 கூண்டாவது இருந்தால் அது தீரும். பக்கத்துக் கூண்டுகளுக்கு இடையே அட்டையோ பலகையோ வைத்து மறையுங்கள், கம்பி வழியாக விரலைக் கடிக்கும்.

கூண்டு முறையின் பலம் பெட்டியைத் திறக்கும்போது தெரியும். முட்டையின் மேல் பென்சிலால் தேதி எழுதலாம். அடை தொடங்கி 6, 7 நாளில், இருட்டில் சிறு டார்ச் ஒளியின் மேல் முட்டையைப் பிடித்தால், கருக்கட்டியதில் சிவப்பு நூல்கள் சிலந்திவலைபோல விரிந்திருக்கும். கூமுட்டை மஞ்சளாகத் தெளிந்து நிற்கும். குஞ்சு வந்த பிறகு தினமும் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, கால் விரல்கள்: எச்சம் உருண்டையாகக் காய்ந்து ஒட்டினால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மெல்ல எடுக்க வேண்டும், இழுத்தால் நகத்தோடு வரும். இரண்டு, மேல் அலகின் உட்பக்கம்: அங்கே இரை அப்பிக் காய்ந்துவிட்டால் மேல் அலகு வளராமல் கீழ் அலகுக்குள் மாட்டிக்கொள்ளும். பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் சுரண்டி எடுக்க அரை நிமிடம். ஒரு வாரம் பார்க்காமல் விட்டால் அந்தப் பறவைக்கு வாழ்நாள் ஊனம்.

நிறக்கணக்கும் இங்கேதான் பலிக்கும். லூட்டினோ ஆணையும், லூட்டினோ அல்லாத சாதாரணப் பச்சைப் பெட்டையையும் சேர்த்தால் பெட்டைக் குஞ்சுகள் எல்லாம் லூட்டினோ, ஆண் குஞ்சுகள் எல்லாம் பார்வைக்குப் பச்சை. கண் திறக்க 10 நாள் ஆகும், ஆனால் அதற்கு முன்பே இமைத்தோலுக்கு அடியில் கண் கறுத்துத் தெரிந்தால் ஆண், சிவந்து தெரிந்தால் பெட்டை. மூக்குச் சதை நிறம் மாறக் காத்திருக்கத் தேவையில்லை. காலனியில் இதே குஞ்சுகளை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, பச்சை ஆண் ஒன்று நடுவில் புகுந்திருக்கலாம்.

ஒரே நாளில் 3 ஜோடிக்குப் பெட்டி மாட்டினால் இன்னொரு வசதி: 7 முட்டை போட்டவளிடமிருந்து 2 முட்டையை 3 முட்டைக்காரிக்குக் கொடுக்கலாம். பின்தங்கிய கடைக்குட்டியைத் தன் வயதுக் குஞ்சுகள் உள்ள பெட்டிக்கு மாற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மாற்றிய அன்று மாலை அதன் கழுத்தடியில் உள்ள இரைப்பை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய தோல் வழியாக இரை வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால் வளர்ப்புத்தாய் ஏற்றுக்கொண்டுவிட்டது.

தெரியாத செலவு. நேரம்தான். 4 கூண்டு என்றால் 4 தண்ணீர், 4 இரை, 4 தட்டு, தினமும். குஞ்சு இருக்கும்போது முளைகட்டிய தானியம், வேகவைத்த முட்டை, கீரை தேவைப்படும். ஊறிய இரை சில மணி நேரத்தில் புளித்துப்போகும் என்பதால் வைத்ததைத் திரும்ப எடுக்கவும் வேண்டும். வேலைக்குப் போய் இரவு திரும்புபவருக்கு இது கட்டுப்படியாகுமா என்று முதலிலேயே யோசிக்க வேண்டும்.

அடுத்தது, பறக்க முடியாத 4 மாதம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே வருடம் முழுக்க இருக்கும் பெட்டை கொழுக்கும், அடுத்த ஈட்டில் முட்டை அடைத்துக்கொண்டு பெட்டியின் மூலையில் இறகை உப்பிக்கொண்டு உட்காரும். அப்படிக் கண்டால் முதல் வேலை 30 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான, ஈரப்பதமான இடத்துக்கு மாற்றுவது, கூடவே மருத்துவரை அழைப்பது. சில மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் இருந்தால் இந்த ஆபத்து குறையும், ஆனால் பறப்பதற்கு அது ஈடாகாது.

மூன்றாவது, இறகு பிடுங்குவது. அடுத்த ஈட்டுக்கு அவசரப்படும் பெட்டை, பெட்டியை விட்டுப் போகாத குஞ்சின் முதுகையும் தலையையும் பிடுங்கும். குஞ்சு 4 வாரம் தாண்டி, தானாக இரை கொறிக்கத் தொடங்கியிருந்தால் தடுப்புப் பலகை போட்டுக் குஞ்சையும் அப்பாவையும் ஒரு பக்கம் விடலாம். இதற்காகவே நடுவில் தடுப்பு போடக்கூடிய 90 செ.மீ. கூண்டு வாங்குவது நல்லது.

எப்போது இது நல்லது? குறிப்பிட்ட நிறம் வேண்டும், கண்காட்சித் தரம் வேண்டும், அல்லது வைத்திருப்பதே 2, 3 ஜோடி என்றால் இதுவே சரி. வளைய எண்ணோடு வம்சக் குறிப்பு எழுத நினைப்பவருக்கு வேறு வழியே கிடையாது. இணைப்பில்லாத மூடிய வளையத்தைக் குஞ்சுக்கு 5 முதல் 10 நாள் வயதுக்குள் போட வேண்டும், அதற்கும் பிறந்த நாள் தெரிந்திருக்க வேண்டும்.

## வழி 3: ஏவியரியில் வாழ்க்கை, கூண்டில் குஞ்சு

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். ஏவியரியில் ஒரு பெட்டியும் கிடையாது. வருடத்தில் 8 மாதம் எல்லாம் அங்கே பறக்கும். மீதி 4 மாதத்துக்கு, தேர்ந்தெடுத்த 2 அல்லது 3 ஜோடி மட்டும் கூண்டுக்கு வரும். பெட்டி இல்லாததால் ஏவியரியில் பெட்டைகளுக்குள் சண்டை போடப் பெரிய காரணமும் இல்லை. தானாகத் தின்னும் குஞ்சுகளையும் அதே ஏவியரியில் விடலாம், இரண்டாவது ஏவியரி தேவையில்லை.

சிக்கல் ஜோடி மாற்றுவதில் வரும். ஏவியரியில் பச்சை ஆணோடு சேர்ந்திருந்த பெட்டையை நீல ஆணோடு கூண்டில் போட்டால், அது பழைய துணையின் குரல் கேட்கும் திசையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பழைய ஆண் கண்ணில் படாதபடி கூண்டை வையுங்கள், முடிந்தால் வேறு அறையில். அதோடு, பெட்டையின் உடலில் ஆணின் விந்து சில நாட்கள் தங்கும். கூண்டுக்கு வந்த உடனே போடும் முதல் முட்டைகள் பழைய ஆணுடையதாகவே இருக்கலாம். அதனால் ஜோடி போடும் முன் பெட்டைகளை ஆண்களிடமிருந்து 3 வாரம் பிரித்து வைப்பது அவசியம். இந்த 3 வாரத்துக்கு ஒரு தனி இடம் வேண்டும் என்பதுதான் பலரும் கணக்கில் விடும் செலவு.

பெட்டி இல்லை என்றால் நிஜமாகவே இல்லாமல் இருக்க வேண்டும். பெட்டை முட்டை போட மூலையில் கிடக்கும் ஆழமான இரைத் தட்டு, மூங்கில் குழாய், கவிழ்ந்த பானை எதையும் எடுத்துக்கொள்ளும். கூண்டிலிருந்து திரும்பும் பறவைகளை ஒவ்வொன்றாக விடாமல் ஒரே நாளில், காலையில் விடுங்கள். மாலையில் விட்டால் இருட்டுவதற்குள் உட்காரும் இடம் தெரியாமல் முட்டி மோதும்.

## வழி 4: குஞ்சே வேண்டாம்

பறவைகள் பறப்பதையும் பாடுவதையும் பார்ப்பதுதான் ஆசை என்றால் இதைவிட நல்லது கிடையாது. குஞ்சு எடுக்காததால் பட்ஜிக்கு ஒரு குறையும் இல்லை, பெட்டைக்கு ஆயுள் நீளவும் வாய்ப்பு. பொந்துபோன்ற எதையும் வைக்காதீர்கள். முளைகட்டியதும் முட்டையும் தினம் கொடுக்காதீர்கள். வெளிச்சம் 10, 11 மணி நேரத்தோடு நிற்கட்டும். ஆண்கள் மட்டும் இருக்கும் கூட்டம் அமைதியாக இருக்கும், பாட்டும் அதிகம். பெட்டைகள் மட்டும் என்றால் சண்டை வரும்.

## ஒரே பார்வையில்

| | காலனி | ஜோடிக்கு ஒரு கூண்டு | இரண்டும் கலந்தது | பெட்டி இல்லாதது |
|---|---|---|---|---|
| பெற்றோர் யார் | அம்மா மட்டும் நிச்சயம் | இருவரும் நிச்சயம் | 3 வாரம் பிரித்திருந்தால் நிச்சயம் | தேவையில்லை |
| சண்டை | அதிகம், பெட்டைகளுக்குள் | ஜோடி சேராவிட்டால் மட்டும் | குறைவு | மிகக் குறைவு |
| தினசரி வேலை | நடுத்தரம், கண்காணிப்பு அதிகம் | அதிகம் | 4 மாதம் அதிகம், பிறகு குறைவு | குறைவு |
| பறக்க இடம் | உண்டு | இல்லை | 8 மாதம் உண்டு | உண்டு |
| கூடுதல் சாமான் | ஒன்றரை முதல் 2 மடங்கு பெட்டி, இரண்டாவது ஏவியரி | ஜோடிக்கு ஒரு கூண்டு, பறக்க ஓர் இடம் | ஏவியரி, 2–3 கூண்டு, பிரித்து வைக்க இடம் | எதுவும் இல்லை |
| நோய் பரவல் | வேகம் | கட்டுப்படுத்தலாம் | நடுத்தரம் | வேகம் |
| குறைந்தபட்சம் | 3 ஜோடி | 1 ஜோடி, 2–3 நல்லது | 2 ஜோடி | 2 பறவை |

எல்லா வழிக்கும் பொதுவான செலவுகளும் உண்டு. புதிதாக வாங்கிய துத்தநாகம் பூசிய வலையை வினிகர் தொட்டுத் தேய்த்துக் கழுவாமல் பயன்படுத்தினால், பறவை கம்பியில் ஏறி அலகால் கவ்வும்போது பூச்சு வயிற்றுக்குள் போய் நஞ்சாகும். வலைக்கண் 12 மி.மீ.க்கு மேல் இருந்தால் சுண்டெலி நுழையும். ஏவியரிக்கு ஒன்றைத் தாண்டி இன்னொன்றாக இரட்டைக் கதவு வேண்டும், ஒற்றைக் கதவில் என்றாவது ஒருநாள் பறவை வெளியே போகும். புதுப் பறவைக்கு 30 நாளாவது தனியிடம். எந்த முறை எடுத்தாலும் இந்த நான்கையும் முதலில் முடித்துவிடுங்கள்.

## இப்போதே காலனியில் முட்டை இருந்தால்

பாதியில் முறையை மாற்றலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. முட்டையோடு பெட்டியைக் கழற்றிக் கூண்டில் மாட்டினால் பெரும்பாலான பெட்டைகள் அடையை விட்டுவிடும். அதனால் சண்டை இல்லாத ஜோடிகளை இந்த ஈடு முடியும் வரை அங்கேயே விடுங்கள். ஆளில்லாத பெட்டிகளை உடனே கழற்ற வேண்டாம். கழற்றினால் பெட்டி தேடும் பெட்டை அடுத்தவள் வாசலுக்குப் போகும். கடைசி ஜோடியும் முட்டை போட்ட பிறகு கழற்றலாம்.

சண்டைக்காரி யார் என்று தெரிந்தால் அதை அதன் ஆணோடு எடுத்துத் தனிக் கூண்டில் விட்டு, அதன் முட்டைகளை அதே வாரம் முட்டை போட்டவர்களுக்குப் பென்சில் குறியிட்டுப் பகிர்ந்து கொடுங்கள். ஒரு பெட்டிக்கு மொத்தம் 6க்கு மேல் வேண்டாம். ஒரு பெட்டியில் குஞ்சுகள் எல்லாம் வெளியே வந்ததும், பெட்டை அடுத்த முட்டையைத் தொடங்கும் முன் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, அந்தப் பெட்டையை அன்றைக்கே ஏவியரியை விட்டு எடுங்கள். பெட்டி இழந்த பெட்டை உள்ளே இருந்தால் பக்கத்துப் பெட்டிக்கு ஆபத்து. அப்பாவை மட்டும் குஞ்சுகளோடு இன்னும் பத்து நாள் அங்கேயே விடுங்கள், ஊட்டி முடிக்கட்டும்.